மில்காரன் மகளுக்குக் கோதுமை ஆகாது

பாப்பா,

நேற்று நான் தென்னேரிக்குப் போய்வந்தேன். நீ போகாதே என்று சொன்ன வீட்டுக்கு, சொல்லாதே என்று சொன்ன விஷயத்தைச் சொல்லத்தான் போனேன். உனக்குக் கோதுமை ஆகாது, ஒரு வாய் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து என்பதை உன்னை மருமகளாக்கிக்கொள்ளப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு முப்பத்தைந்து நாள் இருக்கும்போது எந்த அப்பனாவது இப்படிச் செய்வானா என்று உனக்குக் கோபம் வரும், வரட்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அப்புறம் நான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவேன், நீ எடுக்க மாட்டாய், உன் அம்மா நம் இரண்டு பேரையும் திட்டுவாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு அம்மா உன் ஹாஸ்டலுக்குத் துணிப்பையோடு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறும்போது இதையும் கொண்டுவருவாள். தென்னேரியில் என்ன சொன்னார்கள் என்று பார்க்க நேராகக் கடைசிப் பக்கத்துக்குத்தான் போவாய், உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. பார்த்துவிட்டு மறுபடி இங்கே வந்து முதலிலிருந்து படி. நான் இதுவரை யாரிடமும் ஒத்துக்கொள்ளாத சில விஷயங்கள் நடுவில் இருக்கின்றன.

சின்ன வயதில் உன்னை நோஞ்சான் பிள்ளை என்றுதான் நினைத்தோம். மூக்கு ஒழுகும், இளைக்கும், உடம்பில் தடிப்பு தடிப்பாக எழும்பும். பிள்ளையார்பாளையத்தில் நம் மாவு மில் அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வந்து, ராத்திரிச் சாப்பாடு சப்பாத்தி என்று ஆகிப்போனதால், கோதுமை தூக்கிக்கொண்டு காலையிலிருந்தே ஆட்கள் வருவார்கள். ஒரு மெஷின் மிளகாய்க்கும் மல்லிக்கும், இன்னொரு மெஷின் அரிசிக்கும் கேழ்வரகுக்கும் கோதுமைக்கும். மத்தியானம் வீட்டுக்கு வந்த கையோடு நான் உன்னைத் தூக்குவேன். என் சட்டையிலும் மீசையிலும் புருவத்திலும் இருந்த மாவெல்லாம் உன் கன்னத்தில் ஒட்டும். கொஞ்ச நேரத்தில் நீ தும்மத் தொடங்குவாய், கண்ணைக் கசக்குவாய், நெஞ்சுக்குள் ஒரு விசில் சத்தம் கேட்கும். "அப்பா தூக்கனா மட்டும் இந்தப் பொண்ணுக்கு சளி புடிச்சுக்குது" என்று உன் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் விளையாட்டாகச் சொன்னது அப்படியே உண்மை என்று எங்கள் இரண்டு மரமண்டைகளுக்கும் உறைக்கவில்லை.

ஆறு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இரண்டு சப்பாத்தி சாப்பிட்டாய். சாப்பிட்டுத் தெருவில் ஓடி விளையாடினாய். கால் மணி நேரம்கூட இருக்காது, உதடு வீங்கி, கண் இரண்டும் மூடிக்கொண்டு, வாந்தி எடுத்து, என் மடியிலேயே துவண்டு விழுந்தாய். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றி, சென்னையில் ஒரு குழந்தை டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தம்மா உன் முன்கையில் பேனாவால் குறி போட்டு, ஒவ்வொரு குறிக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தினார். பால், முட்டை, வேர்க்கடலை, கோதுமை என்று ஒவ்வொரு சொட்டும் ஒவ்வொன்று. கால் மணி நேரம் உன் கையை நான் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். மற்ற இடமெல்லாம் சும்மா இருக்க, கோதுமைச் சொட்டு வைத்த இடம் மட்டும் கொசுக்கடி மாதிரி வீங்கிச் சுற்றிலும் சிவந்தது. "நீங்க என்ன தொழில் பண்றீங்க" என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அன்று அவர் விளக்கினதை நான் பில் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன், இன்றைக்கும் இருக்கிறது. கிருமி வந்தால் அடித்து விரட்டுவதற்கு உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. உன் உடம்பில் அந்தக் காவல், கோதுமையில் இருக்கும் புரதத்தை விரோதி என்று தவறாக முடிவு செய்துவிட்டது. கோதுமை உள்ளே போனதும் ரத்தத்திலும் தோலிலும் இருக்கும் சில அணுக்கள் உடைந்து ஹிஸ்டமின் முதலான சில சரக்குகளைக் கொட்டுகின்றன. அது தோலில் பாய்ந்தால் தடிப்பும் அரிப்பும். உதட்டிலும் நாக்கிலும் தொண்டையிலும் பாய்ந்தால் வீக்கம். மூச்சுக் குழாயில் இறங்கினால் குழாய் சுருங்கி விசில் சத்தம். வயிற்றுக்குப் போனால் வாந்தி. எல்லாவற்றையும்விட மோசம், ரத்தக் குழாய்களெல்லாம் ஒரே நேரத்தில் தளர்ந்து ரத்த அழுத்தம் விழுந்துவிடுவது, அப்போதுதான் பிள்ளை மயங்கி விழுகிறது. இதே கோதுமையால் குடல் மெதுவாகக் கெட்டுப்போகும் வியாதி ஒன்றும் இருக்கிறதாம், அது வேறு, உன்னுடையது வேறு. உன்னுடையது நிமிஷக் கணக்கில் வேலையைக் காட்டும். "மாத்திரை அரிப்புக்குத்தான். மூச்சு திணறினா முதல்ல தொடையில ஊசி. யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. ஊசி போட்டு சரியாப்போச்சுன்னு பிள்ளைய வீட்லயே வெச்சுக்காதீங்க, சில மணி நேரம் கழிச்சு திரும்ப வரலாம்" என்றார். வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஊசி மருந்து எழுதிக் கொடுத்து, போடும் விதத்தை உன் அம்மாவுக்குக் காட்டினார். வளர வளரச் சில பிள்ளைகளுக்கு இது போய்விடும் என்றும் சொன்னார். உனக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் கோதுமையை நிறுத்தினோம். ரவை, மைதா, சேமியா, பிரெட், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தினோம். கட்டிப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலக்கிறார்கள் என்று தெரிந்து அதையும் தூக்கிப் போட்டாள் உன் அம்மா. நான் மில்லிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறினேன். அப்படியும் உனக்கு வந்துகொண்டே இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை தடிப்பு, பத்து நாளைக்கு ஒரு தடவை வாந்தி. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை தின்றுவிட்டு உதடு வீங்கி நின்றாய். தேங்காயாக இருக்கும் என்று தேங்காயை நிறுத்தினோம். வெல்லத்தில் ஏதோ கலக்கிறார்கள் என்று வெல்லத்தை நிறுத்தினோம். கத்தரிக்காய், நிலக்கடலை, தக்காளி, ஒவ்வொன்றாக உன் தட்டிலிருந்து எடுத்தோம். நீ எலும்பும் தோலுமாக ஆனாய். கடைசியில் நீ பயமில்லாமல் சாப்பிடட்டும் என்று நாங்கள் கொடுத்தது வெறும் அரிசி மாவுப் பண்டங்கள்தான். இடியாப்பம், புட்டு, உப்புக் கொழுக்கட்டை. அதுவும் நம் சொந்த மில்லில் அரைத்த மாவு, கடை மாவு இல்லை, கலப்படம் இல்லை என்று எனக்கு ஒரு பெருமை.

மறுபடி சென்னைக்குப் போனோம். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு கடைசியில், "அரிசிய எங்க அரைக்கறீங்க" என்றார். "நம்ம மில்லுதான் டாக்டர், என் கையாலயே அரைக்கறேன்" என்றேன். வாய் மூடுவதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. பாப்பா, உனக்கு மில் வேலை தெரியும், ஆனால் இதை நான் உனக்குச் சொன்னதில்லை. கோதுமை அரைத்த மெஷினில் அடுத்து ஒருவர் இடியாப்பத்துக்கு அரிசி கொண்டுவந்தால், அப்படியே கொட்டமாட்டோம். கல்லிலும் துணிக் குழாயிலும் கோதுமை மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் நம் அரிசியில் இரண்டு கை போட்டு ஓடவிட்டு, அந்தக் கலப்பு மாவைத் தனியாக ஒரு டின்னில் தட்டிவிட்டு, அப்புறம்தான் அவர்கள் அரிசியைப் போடுவோம். ஊரார் மாவு சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அப்படித் தட்டினால் சாயங்காலம் டின் பாதி நிறைந்துவிடும். கொட்ட மனசு வராது. அரிசி மாவுதானே என்று அந்த டின்னைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அந்த டின்னிலிருந்துதான் உன் அம்மா உனக்கு இடியாப்பம் பிழிந்தாள்.

ஏழெட்டு மாதம். ஊருக்கெல்லாம் ஆகாது என்று நான் என் கையால் ஒதுக்கிய மாவை உனக்கு ஊட்டினேன். அதில் கோதுமை இருக்கிறது என்பது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும், அதனால்தானே ஒதுக்கினேன். ஆனால் டின்னைத் தூக்கும்போது என் புத்தியில் அது அரிசி மாவு. இதைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, அசட்டுத்தனம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "இனிமே வீட்ல மிக்ஸியில அரைங்க" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என் மடியில் தூங்கினாய். அந்த வாரமே உனக்குத் தடிப்பு நின்றது, ஒரு மாதத்தில் கன்னம் உப்பியது.

இதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. டின் விஷயத்தில் எனக்குத் தெரியாது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இது தெரிந்தே செய்தது. மில்காரன் பொண்ணுக்கே மாவு ஆகவில்லையாம் என்று தெருவில் பேச்சு கிளம்பினால் எவன் வருவான் என்று பயந்தேன். மாவில் ஏதோ கலக்கிறான், அதுதான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது என்பார்கள். இன்னொரு பக்கம், பெண் பிள்ளைக்கு இப்படி ஒரு வியாதி என்று பெயர் விழுந்தால் நாளைக்குக் கேட்டு வருகிறவன் வருவானா என்ற பயம். வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். "அப்ப கேக் குடுத்தா இன்னா சொல்றதுப்பா" என்று கேட்டாய். விரதம் என்று சொல்லு என்றேன். காஞ்சிபுரத்தில் விரதம் என்று சொன்னால் எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எந்தக் கிழமையாக இருந்தாலும் ஏதாவது ஒரு கோயிலில் ஏதாவது ஒரு விசேஷம் இருக்கும். ஏழு வயதில் நீ வெள்ளிக்கிழமை விரதம், சனிக்கிழமை விரதம், சஷ்டி, ஏகாதசி எல்லாம் இருக்க ஆரம்பித்தாய். டீச்சர் உன்னை வகுப்பில் நிறுத்தி மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டினாராம், எவ்வளவு பக்தி பாருங்கள் என்று. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாய். நான் உன்னைத் தட்டிக்கொடுத்தேன். பொய் சொல்லிப் பாராட்டு வாங்கும் ஒரு பிள்ளையை அப்படித்தான் வளர்த்தேன். கல்லூரி, வேலை, கம்பெனி கேன்டீன் எல்லா இடத்திலும் அதே விரதம். ஊசி மருந்தைப் பவுடர் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் நீ பசியோடு சாமி கும்பிட்டாய்.

தென்னேரிக்காரர்கள் உன்னைப் பெண் பார்க்க வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனால் முன்னறையில் நடந்ததை நீ பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். கேசரி இல்லாமல் பெண் பார்க்கும் சடங்கா, ஏன் என்று கேட்பார்களே என்று நான்தான் கடையிலிருந்து கேசரி வாங்கி வந்தேன். பொண்ணு ரொம்ப பக்தி, வாரத்தில் மூணு நாள் விரதம் என்று தரகர் முன்பே ஓதிவைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்னிக்கும் விரதமாமா? நல்ல காரியம் நடக்குது, என் கையால முடிச்சு வெக்கறேன், வாயத் தொற" என்று ஒரு கரண்டி கேசரியை எடுத்தார். நீ என்னைப் பார்த்தாய். பாப்பா, அந்தப் பார்வை எனக்கு இன்னும் போகவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். நான் தலையை ஆட்டினேன். வாங்கிக்கோ என்றுதான் ஆட்டினேன். நீ வாயைத் திறந்தாய்.

கொஞ்ச நேரத்தில் உன் முகம் சிவந்தது. காது, கழுத்தெல்லாம் சிவந்தது. "வெக்கத்த பாரேன், காது வரிக்கும் ஏறிப்போச்சு" என்று மாப்பிள்ளையின் அத்தை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே, அவர்களோடு சேர்ந்து, பல் தெரியச் சிரித்தேன். நீ எழுந்து உள்ளே போனாய். உன் அம்மா பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். அங்கே முதலில் மாத்திரையைக் கொடுத்தாள், ஆட்கள் கிளம்பட்டும் என்று நினைத்தாள், அவளைக் குறை சொல்லாதே, என் முகத்தைப் பார்த்துத்தான் அவள் எதையும் செய்வாள். கதவுக்குப் பின்னால் உன் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. அவர்களுக்கும் கேட்டுவிடப் போகிறதே என்று நான் குரலை உயர்த்தினேன். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகின தொண்டை. ஏரியில் எவ்வளவு தண்ணீர், இந்தப் போகம் நெல் எப்படி, அவருடைய பைப் கடையில் வியாபாரம் எப்படி என்று மாப்பிள்ளையிடம் கத்திக் கத்திக் கேட்டேன். உன் மூச்சை மறைக்கக் கத்தினேன். அவர்களை வண்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தபோது நீ சுவரோரம் சரிந்து கிடந்தாய், உதடு நீலமாக இருந்தது. உன் அம்மா அப்போதுதான் தொடையில் ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஏன் இவ்வளவு லேட் என்று கேட்டார்கள். ஆட்டோ கிடைக்கவில்லை என்றேன். அங்கேயும் பொய்தான். மறுநாள் காலையில் கண் விழித்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாப்பா?" என்பது.

போன வாரம் மாப்பிள்ளையின் அம்மா எனக்குப் போன் செய்தார். கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் இரண்டு பேரையும் விருந்துக்குக் கூப்பிடப் பதினான்கு வீடு வரிசையில் நிற்கிறதாம். "எங்க அக்கா வூட்ல பூரி நல்லா போடுவாங்க, என் நாத்தனாரு சேமியா பாயாசம் வெப்பா, பொண்ணுக்கு இன்னா இன்னா புடிக்கும்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லிடறேன்" என்றார். "அது எல்லாத்தையும் சாப்புடும்மா, ஒண்ணும் குறை சொல்லாது" என்று என் வாய் தானாகச் சொன்னது. போனை வைத்த பிறகு மெஷினை நிறுத்திவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு வீடு. புதுப் பெண் எந்த வீட்டில் விரதம் என்று சொல்ல முடியும்? உன்னிடம் சொன்னால், "விடுப்பா, எதனா சொல்லி சமாளிச்சுக்கறேன், ஒரு வருஷம் போவட்டும், நானே சொல்லிக்கறேன்" என்கிறாய். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அது உன் பேச்சு இல்லை, என் பேச்சு. நீ செத்தாலும் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாவாய். நான் அப்படி உன்னைப் பழக்கி வைத்திருக்கிறேன்.

அதனால் நேற்று போனேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் காப்பி கொடுத்தார்கள், நான் தொடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டின் மாவு, விரதம், கேசரி, நான் சிரித்தது, நான் கத்தியது, எதையும் விடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாங்க" என்று எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அம்மா ரொம்ப நேரம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "நான் ஊட்டனதுல அந்தப் பொண்ணு செத்துப் போயிருந்தா?" பிறகு அவரே சொன்னார். "நீங்க பொண்ணத்தான் பறிகுடுத்திருப்பீங்க. நான் கொலகாரின்னு தெரியாமயே அடுத்த பொண்ணு பாக்கப் போயிருப்பேனே. இன்னா மனுஷன் நீங்க? சிரிச்சீங்களே. என் எதிர்ல உக்காந்துக்கினு சிரிச்சீங்களே." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

இப்போது நீ தேடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை அங்கேதான் இருந்தார், கதவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் வரவுமில்லை. உனக்கு அவரைப் பிடித்திருக்கிறது என்று தெரியும், தினமும் பேசுகிறீர்கள் என்றும் தெரியும். நேற்று சாயங்காலத்திலிருந்து அவர் போன் வரவில்லை என்றால் காரணம் நான்தான். அந்த அம்மா மட்டும் வாசல் வரைக்கும் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வியாதி யாருக்கு வேணா வரும், அதுக்கு நாங்க பயப்படல. கல்யாணத்த பத்தி இப்ப ஒண்ணும் பேச வேணாம். ஞாயித்துக்கெழம பொண்ண அனுப்புங்க. தனியா வரட்டும். நீங்களும் வேணாம், உங்க வூட்டம்மாவும் வேணாம். அதுக்கு இன்னா ஆவுது, எது ஆவாது, எப்படி இருக்கும், எல்லாத்தையும் அதுவே என்கிட்ட சொல்லட்டும். சொல்லிச்சுன்னா அப்புறம் பாக்கலாம். வாயே தொறக்காத பொண்ணுக்கு சோறாக்கிப் போட எனக்கு தைரியம் இல்லீங்க." சொன்னால் கல்யாணம் நடக்கும் என்று அவர் சொல்லவில்லை, பாப்பா. நானும் உனக்கு அப்படி ஆசை காட்ட மாட்டேன். நீ போய் எல்லாவற்றையும் சொன்ன பிறகும் அவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். பத்திரிகை அடித்தாயிற்று, பட்டுப் புடவைக்குத் தறியில் பாவு நூல் போட்டாயிற்று, தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவமானமாகத்தான் இருக்கும். உனக்கு அழுகை வரும், என்னைப் பார்க்கவே பிடிக்காமல் போகும். மன்னிப்பு கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் அதற்கும் நீ தலையை ஆட்டிவிடுவாய் என்று தோன்றியதால் கேட்கவில்லை.

காலையிலிருந்து உனக்காக ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனால் முதலில் இதைச் சொல், அப்புறம் இதைச் சொல், பூரி பேச்சு வந்தால் இப்படிச் சொல், ஊசி பற்றிக் கேட்டால் அப்படிச் சொல் என்று ஒரு பக்கம் ஓடிவிட்டது. திருப்பிப் படித்தபோது எனக்கே வெறுத்துப்போனது. ஏழு வயதிலிருந்து இந்த வியாதியைப் பற்றி உன் வாயிலிருந்து வந்ததெல்லாம் நான் எழுதிக்கொடுத்ததுதான். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். தொண்டை அடைக்கும்போது உனக்கு எப்படி இருக்கும், எவ்வளவு பயமாக இருக்கும், எந்த இடத்தில் முதலில் தெரியும், எனக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட உன்னிடம் அதைக் கேட்டதில்லை. அந்த அம்மா கேட்கிறார். போய்ச் சொல்.

அப்பா